நிலமளந்த லாம்டன்

முன்னுரை

நிலம் அளத்தல் எளிய தொழில் என்று பலர் எண்ணுவர். கோலோ கயிறோ கையிலிருந்தால் எந்நிலத்தையும் அளந்துவிடலாம் என்பது அவர்தம் கருத்து. வயலையும் தோட்டத்தையும் அவ்வாறு அளத்தல் கூடும். ஆனால், இடையே ஏரி குறுக்கிடின் கோலை எங்கே வைப்பது? மலை எதிர்ப்படின் கயிற்றை எவ்வாறு இழுப்பது? காடும் ஆறும் பள்ளத்தாக்கும் நிறைந்த ஒரு நாடு முழுவதையும் அளக்க வேண்டின் யாது செய்வது?

இவ்வினாக்களுக்கு விடை முக்கோணத்தில் அடங்கியிருக்கின்றது. ஒரே ஒரு கோட்டைத் தரையில் செவ்வையாக அளந்துகொண்டு, ஏனைய தொலைவுகளையெல்லாம் கோணங்களின் துணையால் கணித்து அறியலாம். இம்முறையால் தென்னாட்டை அளந்து, இந்தியா முழுவதையும் அளப்பதற்கு அடிகோலியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் அப்பெரும்பணியைத் தொடங்கிய இடம், சென்னையை அடுத்த பரங்கிமலையின் அடிவாரமாகும்.

இளமையும் படைப்பணியும்

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்னும் பகுதியில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எளிய குடியொன்றில் பிறந்தார். செல்வம் இன்மையின், இலவசமாகக் கற்பித்த உள்ளூர்ப் பள்ளியிலேயே அவர் பயின்றார். கணிதத்தில் அவருக்கிருந்த ஆர்வம் இளமையிலேயே வெளிப்பட்டது.

1781ஆம் ஆண்டில் அவர் படையில் சேர்ந்து அமெரிக்கா சென்றார். அங்கே நிகழ்ந்த விடுதலைப் போரில் ஆங்கிலப் படை தோல்வியுற்றபோது, அவரும் சிறைப்பட்டார். விடுதலை பெற்ற பின்னர்க் கனடாவில் நியூ பிரன்சுவிக் என்னுமிடத்தில் நெடுங்காலம் தங்கி, புதிதாகக் குடியேறியவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் பணியில் ஈடுபட்டார். பிறர் பொழுதுபோக்கில் கழித்த மாலைகளை அவர் கணித நூல்களோடு கழித்தார். உயர்ந்த பதவியோ பெருஞ்செல்வமோ அவரை நாடி வரவில்லை. அவரும் அவற்றை நாடிச் செல்லவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் தம் படைப்பிரிவோடு இந்தியா வந்து சேர்ந்தார். 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தானுக்கு எதிராக நடந்த மைசூர்ப் போரில் அவரும் பங்கு கொண்டார். அப்போது ஒருநாள் இரவு, தளபதி பெயர்டு என்பவர் தலைமையில் ஒரு படை இருளில் வழி நடந்தது. படை செல்ல வேண்டிய திசை தெற்கு. லாம்டன் வானத்தை நோக்கினார். விண்மீன்களின் நிலையைக் கண்டதும், படை வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது என்பதை உணர்ந்தார். இன்னும் சிறிது தூரம் சென்றால் அனைவரும் பகைவர் கையில் அகப்பட நேரும் என்று தளபதிக்கு எடுத்துரைத்தார். முதலில் ஐயுற்ற தளபதி, பின்னர் ஆராய்ந்து உண்மை தெளிந்து படையைத் திருப்பினார். கண்ணால் கண்ட கோணத்தைக் கொண்டு தாம் நிற்குமிடத்தையும் செல்லும் திசையையும் அறியும் ஆற்றல் அவரிடம் அமைந்திருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

முக்கோணத்தின் இயல்பு

அவர் மேற்கொண்ட பணியை அறிவதற்கு முன், அதற்கு அடிப்படையான கணித உண்மையைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு முக்கோணத்திற்குப் பக்கங்கள் மூன்று, கோணங்கள் மூன்று, ஆக உறுப்புகள் ஆறு. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களின் அளவும் தெரிந்தால், எஞ்சிய இரு பக்கங்களையும் சைன் விதியால் அறியலாம். இரு பக்கங்களும் அவற்றிற்கு இடைப்பட்ட கோணமும் தெரிந்தால், மூன்றாம் பக்கத்தைக் கொசைன் விதியால் அறியலாம். நிலவளவைக்கு இவ்விரு விதிகளும் இரு கண்களைப் போன்றவை.

கவராயத்தின் இரு கால்களை எண்ணிப் பார்த்தால் கொசைன் விதியின் கருத்து விளங்கும். கால்களின் நீளம் மாறுவதில்லை. ஆயினும் அவற்றை விரிக்க விரிக்க நுனிகளுக்கு இடையே உள்ள தொலைவு பெருகுகிறது. ஒடுக்க ஒடுக்கக் குறைகிறது. கோணம் எவ்வளவு விரிந்தால் தொலைவு எவ்வளவு பெருகும் என்பதைத் துல்லியமாகக் கூறுவதே கொசைன் விதி. இரு பக்கங்களின் வர்க்கங்களையும் கூட்டி, அவ்விரு பக்கங்களின் பெருக்கத்தை இருமடங்காக்கி இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கி வரும் தொகையை அதிலிருந்து கழித்தால், மூன்றாம் பக்கத்தின் வர்க்கம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பெரியதோர் ஏரியின் இரு கரைகளிலும் இரண்டு பனைமரங்கள் நிற்கின்றன. அவற்றிற்கு இடையே உள்ள தொலைவை நீரின் குறுக்கே சென்று அளக்க இயலாது. ஏரிக்கு வெளியே ஓரிடத்தில் ஒருவன் நிற்கிறான். அங்கிருந்து ஒரு மரம் 8 பர்லாங்கு தொலைவிலும், மற்றொன்று 5 பர்லாங்கு தொலைவிலும் உள்ளன. இரு மரங்களையும் நோக்கும் பார்வைக் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகை. எட்டின் வர்க்கம் 64. ஐந்தின் வர்க்கம் 25. இரண்டும் சேர்ந்து 89. எட்டையும் ஐந்தையும் பெருக்கி இருமடங்காக்கினால் 80. 60 பாகையின் கொசைன் அரை ஆதலின், கழிக்க வேண்டியது 40. எஞ்சுவது 49. ஆகவே மரங்களுக்கு இடையே உள்ள தொலைவு 7 பர்லாங்கு. காலில் நீர் படாமலே ஏரியின் குறுக்களவு தெரிந்துவிட்டது!

இடைக்கோணம் 90 பாகையாயின் அதன் கொசைன் சுழியாகும். அப்போது கழிப்பதற்கு ஒன்றுமின்மையின், வர்க்கங்களின் கூட்டுத்தொகையே விடையின் வர்க்கமாகும். செங்கோண முக்கோணத்தைப் பற்றிப் பிதாகரசின் பெயரால் வழங்கும் தேற்றம் இதுவே. கோணம் 90 பாகைக்கு மேற்படின் கொசைன் எதிர்க்குறி பெறும்; அப்போது கழித்தல் கூட்டலாக மாறும். 3 பர்லாங்கும் 5 பர்லாங்கும் 120 பாகையில் விரிந்து நின்றால், 34உடன் 15ஐக் கூட்ட 49 கிடைக்கும். அங்கும் விடை 7 பர்லாங்கே. இவ்வாறு ஒரே விதி எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்துகிறது.

கரை முதல் கரை வரை

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை அரசினர்முன் வைத்தார். கிழக்கே சோழமண்டலக் கரையிலிருந்து மேற்கே மலையாளக் கரை வரையில் முக்கோணங்களைத் தொடர்ச்சியாக அமைத்துத் தென்னாட்டின் அகலத்தைத் திட்டமாகக் காண வேண்டும் என்பது அத்திட்டம். அன்றியும், உலக உருண்டையின் வடிவத்தை அறிவதற்கு, நிலநேர்க்கோடு ஒரு பாகைக்கு எத்துணை நீளம் உடையது என்பதை இந்நாட்டில் அளந்தறிய வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

புதிதாக வென்ற நாட்டை ஆள்வதற்கு நிலப்படம் வேண்டியிருந்தமையால் கிழக்கிந்தியக் கம்பெனியார் இத்திட்டத்திற்கு இசைந்தனர். வரி தண்டவும் படை செலுத்தவும் அளவை பயன்படும் என்பதே அவர்கள் நோக்கம். லாம்டனின் உள்ளமோ உண்மையான அளவைக் காண்பதிலேயே ஊன்றி நின்றது. ஆயினும் அவர் அடைந்த அறிவை ஆட்சியாளர் தம் ஆதிக்கத்திற்குப் பயன்படுத்திக்கொண்டனர் என்பதையும் மறத்தலாகாது.

திட்டத்தை எள்ளியவரும் இருந்தனர். சென்னை அரசினரின் நிதிக் குழுவினர் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புவோர் பல்லக்குச் சுமப்போரிடம் சொன்னால் போதுமே, அதற்கு இத்துணைச் செலவு எதற்கு என்று வினவினார் என்பர். வழி தெரிதல் வேறு, அளவு தெரிதல் வேறு என்பதை அவர் உணர்ந்திலர்.

சங்கிலியும் பெருங்கருவியும்

அளவைக்கு இன்றியமையாத கருவிகள் இரண்டு: நீளம் அளக்கும் சங்கிலி ஒன்று, கோணம் அளக்கும் தியோடலைட்டு மற்றொன்று. இரண்டும் வியத்தகு வழிகளில் லாம்டனிடம் வந்து சேர்ந்தன. இலண்டனில் செய்யப்பட்ட 100 அடி எஃகுச் சங்கிலி, சீன நாட்டுப் பேரரசருக்குக் கொடுக்கும் பரிசுப் பொருள்களுள் ஒன்றாக அனுப்பப்பட்டது. அவர் அதனை ஏற்றுக்கொள்ளாமையால், அது கல்கத்தா வந்து பின்னர் லாம்டனின் கையை அடைந்தது. தியோடலைட்டு ஏறக்குறைய அரை டன் எடை உடையது. அதன் கிடைவட்டம் 36 அங்குலக் குறுக்களவு கொண்டது. கேரி என்னும் கைவினைஞர் இலண்டனில் அதனைச் செய்தார். அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரிசியசுத் தீவிற்குக் கொண்டு சென்றனர். ஆயினும் அது போர்க்கருவி அன்று, அறிவுக்கருவி என்பதை அறிந்த பிரெஞ்சு ஆளுநர், பாராட்டு மடலோடு அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். நாடுகள் பகைத்து நின்ற காலத்திலும் கல்வி பகையறியாது என்பதை இச்செயல் உணர்த்துகின்றது.

அடிக்கோடு

தியோடலைட்டு வந்து சேர்வதற்கு முன்னரே, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றின் பக்கம் வரையில் சமநிலமாக இருந்த பகுதியை அவர் தேர்ந்துகொண்டார். அக்கோட்டின் நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். நூறடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை வைத்தாலன்றி அதனை அளத்தல் இயலாது.

சங்கிலியைத் தரையில் இழுத்துச் செல்லுதல் அவருக்கு உடன்பாடாகவில்லை. தரையின் மேடுபள்ளம் அளவைக் கெடுக்கும். கோடை வெயிலில் எஃகு நீண்டு பிழை விளைக்கும். ஆகவே, மரத்தொட்டிகளை முக்காலிகளின்மேல் ஒரே மட்டமாக வரிசைப்படுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தினார். அதன் பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, வெப்பம் ஏற இறச் சங்கிலி எவ்வளவு நீண்டது, எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிட்டுத் திருத்தினார். ஒரு முறை வைத்த பிழை மறுமுறை பெருகும். அடிக்கோட்டில் நேர்ந்த சிறு தவறு நாடு முழுவதிலும் பரவும். இதனை அவர் நன்கு அறிந்திருந்தார். தொட்டியைச் சுமந்தவரும், முக்காலியை நிறுத்தியவரும், கொடி பிடித்தவருமாகிய நம் நாட்டுத் தொழிலாளர் பலர் சித்திரை வெயிலில் அவரோடு நின்று உழைத்தனர். அவர்தம் பெயர்கள் ஏட்டில் இடம்பெறவில்லை. எனினும் அவர்தம் உழைப்பு அக்கோட்டின் ஒவ்வோர் அடியிலும் கலந்துள்ளது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் தியோடலைட்டு வந்தது. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றொன்றை நோக்கிக் கோணங்கள் அளக்கப்பட்டன. அதனால் முதல் முக்கோணம் முற்றுப்பெற்றது. அதன் பக்கம் ஒன்று அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாயிற்று. இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தெற்கேயும் மேற்கேயும் அளவை படர்ந்தது. நிலம் தட்டையன்று, உருண்டையின் மேற்பரப்பு. ஆதலின் அதன்மேல் அமையும் பெரிய முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையினும் மிகச் சிறிதளவு மிகும். அந்தச் சிறு மிகுதியையும் லாம்டன் கணக்கில் சேர்த்துத் திருத்தினார்.

கணக்குச் சரியா என்பதை அறிய வேண்டாவா? 1804ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோடு சங்கிலியால் அளக்கப்பட்டது. முக்கோணங்கள் வழியாகக் கணித்த நீளமும், சங்கிலியால் நேரே அளந்த நீளமும் ஒப்பிடப்பட்டன. ஏறக்குறைய ஏழு மைல் நீளமுள்ள கோட்டில் வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவு! மேலைக் கடற்கரை வரையில் அளவை முடிந்தபோது, 400 மைல் என்று எண்ணப்பட்டிருந்த தென்னாட்டின் அகலம் ஏறக்குறைய 360 மைலே என்பது தெளிவாயிற்று. பழைய நிலப்படங்களில் இருந்த 40 மைல் பிழை இவ்வாறு நீங்கிற்று.

தஞ்சையில் நேர்ந்த இடர்

1808ஆம் ஆண்டில் அளவை தஞ்சைத் தரணியை அடைந்தது. காவிரி பாயும் அச்சமவெளியில் குன்றுகள் இல்லை. எங்கு நோக்கினும் தோப்புகள் பார்வையை மறைத்தன. ஆதலின் கோயில்களின் உச்சிகளே அளவை நிலையங்களாயின. முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் உச்சிக்குத் தியோடலைட்டை ஏற்ற முயன்றனர். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டித் தன் நாட்டு நிலங்களையெல்லாம் அளப்பித்தவன் அம்மன்னன். நிலவளவைக்குப் பேர்பெற்ற அவன் கோயிலிலேயே லாம்டனுக்குப் பெருஞ்சோதனை காத்திருந்தது.

மேலே சென்றுகொண்டிருந்த கருவியைத் தாங்கிய கயிறு திடீரென அறுந்தது. கருவி கோயிற் சுவரில் மோதியது. அதன் கிடைவட்டம் வளைந்து உருக்குலைந்தது. அந்த வட்டத்தின் நேர்மையிலேயே அளவை முழுவதும் நிலைபெற்றிருந்தது. ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. ஒரே ஒரு விகலை பிழைத்தாலும் 30 மைல் தொலைவில் அது ஒன்பது அங்குலப் பிழையாகும். அந்த ஒரு விகலையோ, கருவியின் விளிம்பில் ஓர் அங்குலத்தைப் பதினாயிரம் கூறிட்ட ஒரு கூறினும் சிறியது. அத்தகைய நுட்பம் வாய்ந்த வட்டம் வளைந்துவிட்டது! கருவி இனிப் பயன்படாது என்றே கண்டோர் கருதினர். புதிய கருவி இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வர நெடுங்காலம் ஆகும்.

லாம்டன் எவரையும் கடிந்துகொண்டு காலத்தைக் கழிக்கவில்லை. தம் விதியை நொந்து சோர்ந்தும் இருக்கவில்லை. கருவியைத் தனியிடத்திற்குக் கொண்டு சென்று, கைத்தொழில் வல்லார் சிலரை மட்டும் உடன்வைத்துக்கொண்டு கதவடைத்தார். பெரிய பலகை ஒன்றில் வட்டத்தின் உண்மையான அளவை வரைந்து செதுக்கினார். வளைந்த வட்டத்தை அதனுள் பொருத்தி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து, பழைய வடிவிற்குக் கொணர்ந்தார். வளைந்த ஆரைகளை மரச்சுத்தியால் மெல்லத் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. இறுதியில் கருவி மீண்டும் அளவைக்கு உதவுவதாயிற்று. பொறுமை என்னும் கருவி அவரிடம் முறியாதிருந்தமையால், முறிந்த கருவியும் எழுந்து நின்றது.

இறுதிக் காலம்

பின்னர் அளவை குமரிமுனைப் பக்கம் வரையில் தெற்கேயும், ஐதராபாத்தைக் கடந்து வடக்கேயும் நீண்டது. காட்டுக் காய்ச்சலால் உடன் உழைத்தோர் பலர் வருந்தினர். சென்னை அளவைப் பள்ளியில் பயின்ற டி பென்னிங் முதலான உதவியாளர்கள் துணைநின்றனர். 1818ஆம் ஆண்டில் இப்பணி இந்தியப் பெரு முக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. சார்சு எவரெசுட்டு என்பவர் லாம்டனுக்கு முதன்மை உதவியாளராக அமர்ந்தார்.

எழுபது வயதளவிலும் லாம்டன் ஓய்வை விரும்பினாரல்லர். ஐதராபாத்திலிருந்து நாகபுரி நோக்கிச் செல்லும் வழியில், 1823ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், இங்கன்காட்டு என்னும் ஊரில் உயிர்நீத்தார். அவருடைய கல்லறை அங்கேயே உள்ளது. அவர் காலத்தில் அளவைக்கு உட்பட்ட நிலப்பரப்பு 1,65,000 சதுர மைலுக்கு மேற்பட்டது.

அவர் விட்ட இடத்திலிருந்து எவரெசுட்டு அளவையை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். சிறந்த கருவிகள் கிடைத்த பிற்காலத்தில், லாம்டன் அளந்த பகுதிகள் சில மீண்டும் அளந்து திருத்தப்பட்டன. திருத்தத்தை ஏற்பதே அறிவின் இயல்பாதலின், அதனால் அவர் புகழ் குன்றவில்லை. வங்காளத்துக் கணித மேதை இராதாநாத் சிக்தர், 1852ஆம் ஆண்டில், பதினைந்தாம் கொடுமுடி என்று குறிக்கப்பட்ட சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று கணித்துக் காட்டினார். 1865ஆம் ஆண்டில் அதற்கு எவரெசுட்டின் பெயர் சூட்டப்பட்டது. பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கிய அளவை, உலகின் முடிவரை சென்று எட்டியது.

முடிவுரை

லாம்டனின் முக்கோணங்கள் பரங்கிமலையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றன. அத்திசையில் இன்று செல்வோர், இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரையும் அதனை அடுத்த ஒரகடத்தையும் காண்பர். ஏரியும் வயலும் மிக்கிருந்த அப்பகுதியில் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. வண்டித் தகடுகளைப் பற்றவைக்கும் பொறிக்கைகள் அத்தகைய ஆலைகளில் இயங்குகின்றன. பொறிக்கைக்கும் மனிதனின் கைபோல மேற்கை, முன்கை என இரு பகுதிகள் உண்டு. அவ்விரண்டின் நீளமும் மாறாதவை. எட்ட வேண்டிய இடத்தின் தொலைவு தெரிந்தால், முழங்கை எத்துணைப் பாகை விரிய வேண்டும் என்று கணிக்கலாம். அக்கணிப்புக்கு உதவுவது, ஏரியின் குறுக்களவைக் கூறிய அதே கொசைன் விதிதான். அங்கே கோணத்தைக் கொண்டு தொலைவைக் கண்டோம். இங்கே தொலைவைக் கொண்டு கோணத்தைக் காண்கின்றனர். கருவி மாறினும் முக்கோணத்தின் இயல்பு மாறுவதில்லை.

இந்நாட்டின் அளவை முழுவதும் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டிலிருந்து கிளைத்தது. அக்கோடு பிழைபட்டிருந்தால், பின்வந்த முக்கோணங்கள் யாவும் பிழைபட்டிருக்கும். அதனை அறிந்தே லாம்டன் வெயிலில் நின்று ஒவ்வோர் அடியையும் நேர்மையோடு அளந்தார். இளமையிற் கற்கும் கல்வியும் அத்தகைய அடிக்கோடேயாகும். அது செவ்விதாக அமையின், கால் சென்று எட்டாத இடத்தையும் அறிவு சென்று எட்டும்.